விருமாண்டி மீசையும் வெள்ளைத்துரை மீன் தொட்டியும்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, லாட்ஜுகள் வரிசையைத் தாண்டி இடது கைப் பக்கம் திரும்பினால், ஒரு ரேடியோ ரிப்பேர் கடைக்கும் ஒரு சைக்கிள் கடைக்கும் நடுவில் ஒல்லியாக ஒரு சலூன் இருந்தது. அங்கயற்கண்ணி சலூன் என்று பெயர். பலகையில் இடம் போதாமல் எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். கடைக்காரர் வெள்ளைத்துரை. பெயரில்தான் துரை. நடை, பேச்சு எல்லாம் பூனை. அவர் குரல் உயர்த்திப் பேசி அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை.

மேலூர்ப் பக்கம் பிறந்தவர். தாய்மாமனிடம் தொழில் பழகி, கல்யாணம் முடித்த கையோடு மதுரைக்கு வந்து சேர்ந்தார். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டார். காலையில் கடையைத் திறந்ததும் மீனாட்சியம்மன் படத்துக்குப் பூ வைப்பார், ஊதுபத்தி கொளுத்துவார், கத்திப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதன் பிறகுதான் முதல் தலை.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு தடவை கடவாய்ப் பல்லில் வலி வந்தது. பல் டாக்டர் வீட்டு முன்னறையில் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கே ஒரு கண்ணாடித் தொட்டியில் தங்க மீன் ஒன்று வாலை விசிறிக்கொண்டு போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டபோதுதான், வந்தது பல்லுக்காக என்பதே அவருக்கு நினைவு வந்தது. வலி எந்த நேரத்தில் மறந்தது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவி ரெங்கம்மாளிடம் சொன்னார்: "ரெங்கு, நம்ம கடைக்கு வர்றவுகளும் என்னென்ன வலியோடவோதான வர்றாக. பெஞ்சுல உக்காந்திருக்கிற நேரத்துக்கு அதை மறந்துட்டுப் போகட்டுமே."

"பல்லைப் புடுங்கப் போன மனுசன் மீனைப் புடிச்சிட்டு வந்திருக்கீக," என்றாள் ரெங்கம்மாள். ஆனாலும் தடுக்கவில்லை.

இப்படித்தான் சலூனுக்குத் தொட்டி வந்தது. இரும்புச் சட்டத்தில் கண்ணாடியை நிறுத்தி, மக்கு என்கிற பசைச்சாந்து வைத்து ஒட்டிக் கட்டியது. கட்டிக்கொடுத்தவர் போகும்போது இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போனார். தண்ணீரை ஒருபோதும் முழுக்க இறைக்கக் கூடாது. இறைத்தால் மக்கு காய்ந்து வெடித்துவிடும், பிறகு சொட்ட ஆரம்பித்தால் நிற்காது. அதேபோல் மூலைப் பக்கம் கூர்மையான எதையும் கொண்டு போகக் கூடாது. வெள்ளைத்துரை இரண்டையும் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

கடை குறுகல். தொட்டியை வைக்கத் தரையில் இடமில்லை. பெஞ்சுக்கு எதிர்ச்சுவரில், மார் உயரத்துக்குப் பலகை அடித்து, பரணுக்குக் கீழே நெருக்கி வைத்தார்கள். மேலே கை போக இடம் உண்டு, தலை போக இடமில்லை. உள்ளே ஒரு தங்க மீனும், மோலி என்று சொல்கிற கருப்பு மீன்கள் சிலதும் விட்டார். அடியில் பரப்ப அவர் கடையில் மணல் வாங்கவில்லை. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் வைகைக்குப் போய், சாமி பாதம் பட்ட இடமாகப் பார்த்து மணல் அள்ளி, அலசி எடுத்து வந்து பரப்பினார்.

கடை களை கட்டிவிட்டது. முடி வெட்ட முறை வந்தும் எழுந்திருக்காமல், "நீ முன்னாடி போப்பா" என்று அடுத்தவனை அனுப்புகிற ஆட்கள் உண்டானார்கள்.

ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம். குளத்தில் மீனைக் கண்டால் பொரி போடாமல் போக மாட்டார்கள். போட்டால் புண்ணியம். வெள்ளைத்துரையே காலையில் பூ வைத்த கையோடு ஒரு பிடி பொரி போடுவார். அதைப் பார்த்து, சவரம் முடித்தவர், முடி வெட்டிக்கொண்டவர், துணைக்கு வந்தவர் என்று ஆளாளுக்கு ஒரு பிடி. மீன் தின்றது கொஞ்சம், ஊறி அடியில் போனது மிச்சம். கதவு வழியாகச் சாயங்கால வெயில் வேறு நேராகத் தொட்டியில் அடிக்கும். கேட்க வேண்டுமா? முதலில் கண்ணாடியில் பச்சைப் புகை மாதிரி ஒன்று படர்ந்தது. பிறகு அது தடித்தது. பங்குனி பிறந்தபோது தொட்டி, பச்சைக் கம்பளி போர்த்திய பெட்டி மாதிரி ஆகிவிட்டது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் விருமாண்டி வந்தார்.

விருமாண்டி செக்கானூரணிப் பக்கத்துச் சம்சாரி. காய்கறி மூட்டையோடு பஸ்ஸில் வந்து, மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, நேராக வெள்ளைத்துரை நாற்காலியில் வந்து உட்காருவார். வருஷக்கணக்கில் வேறு யார் கையும் அவர் முகத்தில் பட்டதில்லை. அவர் மீசையை ஆரப்பாளையமே அறியும். ஜல்லிக்கட்டுக் காளையின் கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் மேலே ஏறி நிற்கும்.

அன்றைக்குக் கடையில் நல்ல கூட்டம். முகத்தில் நுரையோடு சாய்ந்திருந்த விருமாண்டி, முகக்கண்ணாடி வழியாகத் தொட்டியைப் பார்த்தார்.

"ஏப்பா தொரை, அதுக்குள்ள என்னப்பா வளக்குற? கீரையா?"

பெஞ்சில் சிரிப்பு கிளம்பியது.

"மீனுண்ணே," என்றார் வெள்ளைத்துரை.

"மீனா! எங்க ஊருக் கம்மாயிலகூட இம்புட்டுப் பாசி கெடையாதேப்பா. மீனெல்லாம் எப்பவோ சாமிகிட்டப் போயிருக்கும். நீ தெனமும் தெவசத்துக்குல்ல பொரி போட்டுக்கிட்டிருக்க!"

கடை குலுங்கியது. வெள்ளைத்துரைக்குக் கத்தி பிடித்த கை நின்றது.

"இருக்குண்ணே. ஆத்தா புண்ணியத்துல எல்லாம் உசுரோட இருக்கு."

"நீ பாத்தியா?"

அங்கேதான் அவருக்குச் சுருக்கென்றது. அவர் பார்த்து வெகு நாளாயிற்று. "சளப்புன்னு சத்தம் கேக்கும்ணே," என்றார் மெல்ல.

"எலியா இருக்கும்ல. சரி, இந்தா பாரு. அழகரு ஆத்துல எறங்குறதுக்குள்ள ஒரு மீனை, ஒத்த மீனை, அந்தக் கண்ணாடி வழியா என் கண்ணுல காட்டு. காட்டிட்டா இந்த மீசைய எடுத்துக்க. காட்டலைன்னா தொட்டிய நான் தூக்கிட்டுப் போயிருவேன். என் ஆட்டுக்கிடாய்க்குக் கழனித்தண்ணி வைக்கத் தொட்டியில்லாமக் கெடக்கு."

"ஆகட்டும்ணே!"

சொன்னது வெள்ளைத்துரைதான். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூனை சீறி அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

சாயங்காலம் விஷயம் கேள்விப்பட்ட ரெங்கம்மாள் தலையில் கை வைத்தாள். "வாயில்லாப் பூச்சின்னு ஊரெல்லாம் சொல்லுது. வாயைத் தொறந்தது ஒரு நாளு, அன்னைக்குத் தொட்டிய வச்சுத் தொலைச்சிட்டு வந்திருக்கீக. சரி, புளியப் போட்டுத் தேச்சா வெளக்குப் பளபளன்னு வரும்ல?"

"அதுக்குள்ள இருக்கிறது குத்துவெளக்கு இல்ல ரெங்கு, உசுரு. புளித்தண்ணியில மீனு என்னத்துக்கு ஆகும்? மீன் கொழம்புதான்."

அவளே நாக்கைக் கடித்துக்கொண்டு, தேங்காய் நார் ஒரு கைப்பிடி எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் ஸ்டூலில் ஏறி, பரண் இடுக்கு வழியாகக் கையை விட்டுத் தேய்த்தார். பாசி கொஞ்சம் நகர்ந்தது. அதைவிட நார்த்தூள் அதிகம் உதிர்ந்தது. பச்சையாக இருந்த தண்ணீர் பழுப்பாக மாறி, டீக்கடைக் கிளாஸ் கழுவிய வாளி மாதிரி ஆகிவிட்டது. அதைத் தெளிய வைக்க, பழைய தண்ணீரில் கொஞ்சம் மொண்டு, வெயிலில் வைத்த தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றி, பாடாய்ப் பட்டார்.

அதன் பிறகு அவர் ஒரு புத்திசாலித்தனம் செய்தார். ரசம் போன பழைய முகக்கண்ணாடித் துண்டு ஒன்று கடையில் கிடந்தது. யார் எந்தச் சாமான் கொண்டுவந்தாலும் முதலில் அதில் தேய்த்துப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டார். சைக்கிள் கடைக்காரர் பாத்திரம் தேய்க்கிற கம்பிச் சுருளைக் கொண்டுவந்தார். துண்டுக் கண்ணாடியில் இரண்டு தேய் தேய்த்ததும், கோழி கிளறிய மண் மாதிரி கோடு கோடாக விழுந்தது. "நல்லவேளை, ஆத்தா காப்பாத்துனா," என்று சுருளை அவரிடமே கொடுத்துவிட்டார்.

பக்கத்து ரேடியோ கடை சின்னச்சாமிக்கு ஒரே உற்சாகம். கெட்டுப்போன ஸ்பீக்கரில் இருந்து இரண்டு காந்தத்தைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

"மாப்ள, இங்க பாரு. ஒண்ணு உள்ள, ஒண்ணு வெளிய. வெளிய இருக்கிறதை இழுத்தா உள்ள இருக்கிறது நாய்க்குட்டி மாதிரிப் பின்னாடியே வரும். கை நனைய வேண்டியதில்ல!"

ரெங்கம்மாளின் பழைய வெல்வெட் ரவிக்கையில் துணி வெட்டி இரண்டுக்கும் சட்டை தைத்தார்கள். துண்டுக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு கீறல் இல்லை. தொட்டியில் போட்டு இழுத்தால், பார்த்தவர்கள் எல்லாரும் 'ஆ' என்றார்கள். பாசியின் நடுவே விரல் அகலத்துக்கு ஒரு தெளிந்த பாதை! வெள்ளைத்துரை ஓடிப்போய் அதில் கண்ணை வைத்தார். உள்ளே இருட்டு. எதுவும் அசையவில்லை.

"இன்னும் கொஞ்சம் அகலமா இழு சின்னச்சாமி."

இழுத்த வேகத்தில் உள்ளே இருந்த காந்தம் பிடி நழுவி அடியில் மணலில் விழுந்தது. "ஒண்ணுமில்ல, தூக்கிரலாம்," என்று வெளிக் காந்தத்தைக் கீழே கொண்டுபோய் ஒட்டவைத்து மேலே இழுத்தான். கிரீச் என்று ஒரு சத்தம். பல் கூசியது. பலகை உயரத்தில் இருந்து வளைந்து மேலே போனது ஒரு கீறல்.

கையை விட்டுக் காந்தத்தை எடுத்துப் பார்த்தால், வெல்வெட் முழுக்கக் கருகருவென்று பொடி மணல் சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது. வைகை மணலில் அப்படி இரும்புச் சத்துள்ள கருமணல் கலந்திருக்கும் என்பதை இருவருமே நினைத்துப் பார்க்கவில்லை.

"மாப்ள," என்றான் சின்னச்சாமி பயந்துபோய், "காந்தத்துக்கு மீசை மொளச்சிருச்சு."

வெள்ளைத்துரை அந்தக் கீறலைத் தடவிப் பார்த்தார். "மணலு மேல தப்பில்ல, காந்தத்து மேலயும் தப்பில்ல. ரெண்டையும் ஒண்ணாப் போட்டது நாந்தான்," என்றார். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ரெங்கம்மாள் கடைக்கே வந்து கீறலைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "சொக்கநாதரு சடையில இருக்கிற பிறை மாதிரிதான இருக்கு. இருந்துட்டுப் போகுது போங்க," என்றாள். அந்த ஒரு வார்த்தையில் மனிதருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

அடுத்த தடவை விருமாண்டி வந்தபோது கையில் ஒரு கயிற்றில் காய்ந்த பீர்க்கங்கூடுகளைக் கோத்துத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். அவர் தோட்டத்து வேலியில் முற்றிக் காய்ந்த பீர்க்கங்காய்கள். தோலும் விதையும் போய் வெறும் நார்க்கூடு.

"கீரை எப்படிப்பா இருக்கு தொரை? இந்தா, இதைப் போட்டுத் தேய். எங்க வீட்டுக்காரி எருமைய இதை வச்சுத்தான் தேய்ப்பா. எருமையே வெளுக்குது, ஒந்தொட்டி வெளுக்காதா? பின்ன எங்கிடாய் அழுக்குத் தொட்டியிலயா கழனி குடிக்கும்?"

கேலிக்குக் கொடுத்ததுதான். வெள்ளைத்துரை கும்பிட்டு வாங்கிக்கொண்டார். ஒன்றைத் தண்ணீரில் ஊறப்போட்டு, துண்டுக் கண்ணாடியில் தேய்த்தார். கீறல் இல்லை, தூளும் உதிரவில்லை. மூங்கில் சிம்பு ஒன்றின் நுனியில் கூட்டைக் கட்டி, அடி மணலுக்குப் போகாமல், மேலிருந்து மெல்ல இறக்கி இறக்கி ஏற்றினார். பாசி தோல் உரிகிற மாதிரி சுருண்டு சுருண்டு வந்தது. மூலைகளில்கூட அது பதமாகப் போய் வந்தது, மக்குக்கு ஒரு சேதமும் இல்லை. வெள்ளைத்துரைக்குக் கண் கலங்கிவிட்டது.

கலங்கின தண்ணீர் தெளிய விட்டார். தெளிந்த பிறகு பார்த்தால், கம்பளி போயிருந்தது. ஆனால் கண்ணாடி முழுக்கப் புள்ளி புள்ளியாக, அம்மைத் தழும்பு மாதிரி, கெட்டிப் பாசி ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. உள்ளே நிழல் மாதிரி ஏதோ தெரிந்தது. மீனா, கட்டிப் பாசியா என்று சொல்ல முடியவில்லை. அழகர் மலையை விட்டுக் கிளம்பியாயிற்று என்று தெருவில் பேச்சு. மறுநாள் விருமாண்டி வந்துவிடுவார்.

"இதுக்கெல்லாம் பிளேடுதாங்க சரி," என்றாள் ரெங்கம்மாள்.

அது வெள்ளைத்துரைக்குத் தெரியாதா? முதல் நாளே தெரியும். ஆனால் மனசு வரவில்லை. "மூலையில பட்டா தொட்டி ஒழுகிரும். அதவிட, ஆத்தா பேரைச் சொல்லி வளக்குற உசுருக்கு முன்னால கத்திய எடுக்கணுமான்னு இருக்கு ரெங்கு."

ரெங்கம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "நாளைக்கு விடிஞ்சா எத்தனை பேரு அழகருக்கு முடி எறக்க வருவாக? அம்புட்டுப் பேருக்கும் நீங்கதான கத்தி வைக்கிறீக? சாமி காரியத்துக்கு ஆகிற கத்தி, சாமி மீனுக்கு ஆகாதா? மூலைக்குத்தான் பீர்க்கங்கூடு இருக்குல்ல. நடுவாந்தரத்துக்குப் பிளேடு. ஒண்ணு செய்யாததை இன்னொண்ணு செய்யட்டும்."

வெள்ளைத்துரை மனைவியைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். படத்தில் அம்மன் சிரித்த முகமாகத்தான் இருந்தாள்.

மறுநாள் காலையில் கடை திருவிழாக் கூட்டமாக இருந்தது. மஞ்சள் துணிக்காரர்கள், வேண்டுதல்காரர்கள், சும்மா வேடிக்கைக்கு வந்தவர்கள். விருமாண்டி புது வேட்டியில் வந்து நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்தார். தொட்டியைத் தூக்கத் தோதாகக் கயிறு ஒன்றும் கொண்டுவந்திருந்தார்.

"என்னப்பா தொரை, தொட்டிய எறக்குவமா?"

"ஒரு அஞ்சு நிமிசம் பொறுங்கண்ணே."

புதுப் பாக்கெட்டைப் பிரித்து, யார் முகத்திலும் படாத பிளேடு ஒன்றை எடுத்து, படத்துக்கு முன் வைத்துக் கும்பிட்டார். மூங்கில் சிம்பின் நுனியைப் பிளந்து அதைச் செருகி, நூலால் இறுக்கிக் கட்டினார். ஸ்டூலில் ஏறினார். ஏறியவர், கை பழகின பழக்கத்தில், பக்கத்துக் கிண்ணத்தில் இருந்து நுரை தளும்பும் சோப்புப் பிரஷைத் தூக்கித் தொட்டிக்கு மேலே கொண்டுபோய்விட்டார்!

"ஏய் ஏய் ஏய்!" என்று கடையே கத்தியது. "தொரை! மீனுக்குமாய்யா நுரை போடுற?"

வெள்ளைத்துரை சட்டென்று பிரஷைச் சின்னச்சாமி கையில் கொடுத்தார். ஒரு சொட்டு விழவில்லை. "ஆத்தா" என்று ஒரு மூச்சு விட்டார். பிறகு பிளேடைத் தண்ணீருக்குள் இறக்கினார்.

அதற்கப்புறம் கைதான் பேசியது. கன்னத்தில் வைக்கிற மாதிரியே பிளேடைப் படுக்க வைத்து, அழுத்தாமல், நடுங்காமல், மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. புள்ளிகள் பொரிந்து பொரிந்து உதிர்ந்தன. ஓர் இழுப்புக்கு ஒரு பட்டை. மக்குக்கு விரல் அகலம் முன்னாலேயே நிறுத்தி, மூலையைப் பீர்க்கங்கூட்டால் தேய்த்துவிட்டு, மறுபடி பிளேடு. தாடியோடு நின்றவர்கள் தாடியைச் சொறியக்கூட மறந்து பார்த்தார்கள்.

நாலைந்து பட்டை ஆனதும் வெள்ளைத்துரை கையை எடுத்தார். உதிர்ந்த தூள் மெல்ல அடியில் இறங்கியது.

முதலில் தெரிந்தது ஒரு கண். வட்டமாக, இமைக்காமல், கடையையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அதற்குப் பின்னால் பொன்னாக ஒரு உடம்பு திரும்பியது. வால் விசிறி மாதிரி விரிந்தது. பாசியைத் தின்றே அது முன்னைவிடக் கொழுத்திருந்தது.

"அண்ணே!" என்று கத்தினான் சின்னச்சாமி. "கீரைக்குக் கண்ணு மொளச்சிருக்குண்ணே!"

கடையில் எழுந்த சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். அதற்குள் ரெங்கம்மாள் முன்னால் வந்து, "அங்க பாருங்க, அங்க பாருங்க," என்று கண்ணாடியைத் தொட்டுக் காட்டினாள். கருப்பு மீன்கள் வரிசையாக வந்தன. அவற்றுக்குப் பின்னால், கண்மை தீட்டிய கோடு மாதிரி, துணுக்குத் துணுக்காகக் குஞ்சுகள். எண்ண முடியவில்லை. யாருக்கும் தெரியாமல் அந்தப் பச்சைக்குள்ளேயே பெற்றுப் பெருகியிருக்கின்றன. ரெங்கம்மாள் குலவை போட்டாள். வெள்ளைத்துரை ஸ்டூலில் நின்றபடியே, நனைந்த கையோடு அம்மன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

சத்தம் அடங்க வெகு நேரமானது. அடங்கியதும் எல்லார் கண்ணும் நாற்காலிக்குப் போனது. விருமாண்டி எழுந்து, தொட்டிக்குக் கிட்டத்தில் போய், நன்றாகப் பார்த்துவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்தார். தலையைப் பின்னால் சாய்த்தார்.

"எடுப்பா," என்றார். "சொல்லு சொல்லுதான். எடு."

"அண்ணே..."

"எடுங்கிறேன்ல. நாளைக்கு என்னைய எவன் மதிப்பான்?"

வெள்ளைத்துரை துணியைப் போர்த்தினார். கத்தரிக்கோலை எடுத்து மீசைக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார். இடது பக்கம் நீட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு முடியைக் கத்தரித்தார். வலது பக்கம் ஒன்று. சீப்பால் இரண்டு கொம்பையும் மேலே தூக்கிவிட்டு, துணியை உதறினார்.

"முடிஞ்சிருச்சுண்ணே."

"என்னப்பா இது?"

"மீசைய எடுத்துக்கன்னு சொன்னீக. எடுத்துக்கிட்டேன். இனிமே அது எம்மீசை. எம்மீசைய எங்க வச்சு வளக்கணும்னு நாந்தானண்ணே சொல்லணும்? ஒங்க மொகத்துலயே இருக்கட்டும். இம்புட்டு வருசமா எங்கையால வளத்தது. மனசு வருமா சரைக்க?"

விருமாண்டிக்கே அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலி ஆட ஆடச் சிரித்தார். கொண்டுவந்த கயிற்றை எடுத்துச் சின்னச்சாமி கையில் கொடுத்து, "பரண்ல கட்டுப்பா. பீர்க்கங்கூட்டைக் கோத்துத் தொங்கவிட. வேலியில காய்க்கிற வரைக்கும் தொரை கடைக்குக் கூடு என் பொறுப்பு," என்றார்.

அன்றிலிருந்து அங்கயற்கண்ணி சலூனில் சீப்பு வரிசைக்குப் பக்கத்தில் இரண்டு மூங்கில் சிம்புகள் தொங்கின. ஒன்றில் பீர்க்கங்கூடு, ஒன்றில் பிளேடு. பொரிப் பொட்டலம் ரெங்கம்மாள் வசம் போய்விட்டது. காலையில் பூ வைத்த பிறகு ஒரு சிட்டிகை, அவ்வளவுதான். வாரம் தவறாமல் வெள்ளைத்துரை கண்ணாடிக்குச் சவரம் செய்தார், நுரை போடாமல்.

விருமாண்டி அதற்குப் பிறகு சுழல் நாற்காலியில் உட்கார்ந்து முகக்கண்ணாடியில் மீசை பார்ப்பதை விட்டுவிட்டார். சவரம் முடிந்ததும் நேராகத் தொட்டிக்கு முன்னால் போய் நிற்பார். பிறைக் கீறலுக்குச் சற்று மேலே, தெளிந்த கண்ணாடியில் அவர் முகம் தெரியும். அந்த மீசையின் இரண்டு கொம்புக்கும் நடுவில் தங்க மீன் நுழைந்து நுழைந்து போகும். "எப்படியிருக்குப்பா ஒம்மீசை?" என்று கேட்பார். "நல்லா இருக்குண்ணே," என்பார் வெள்ளைத்துரை, அடுத்த ஆளுக்குத் துணி போர்த்திக்கொண்டே.